மாட்டேன் என்று சொல்ல முடிந்தால்தான் அது கலை

ஏப்ரல் வந்தால் சென்னையில் நம் தோழர்களுக்கு ஓய்வு கிடையாது. அது தலித் வரலாற்று மாதம். நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுக்கும் வானம் கலைத் திருவிழா நடக்கிறது. ஓவியமும் ஒளிப்படமும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. நாடகம் போடுகிறார்கள். பி.கே.ரோசி பெயரில் திரைப்பட விழா, வேர்ச்சொல் என்ற பெயரில் தலித் இலக்கியக் கூடுகை என்று மாதம் நிறைந்துவிடுகிறது. ரோசி யார்? மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக ஆதிக்கச் சாதியினரால் விரட்டப்பட்டு, தமிழ்நாட்டுக்கு ஓடி வந்து, தான் யார் என்று சொல்லாமலே வாழ்ந்து மறைந்த தலித் பெண். அவர் பெயரில் ஒரு திரைப்பட விழா நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி. அந்த மேடைகளை உருவாக்கியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் என் கேள்வியைத் தொடங்குகிறேன்.

நான் நாகூர்க்காரன். இங்கிருந்து பார்க்கும்போது ஏப்ரல், மே மாதங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. நாகை மாவட்டம் காவிரியின் கடைமடை. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்துவிடும். ஈரம் காயும் முன் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனிக்குள் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்களா, திறந்தாலும் தண்ணீர் எப்போது இந்தக் கடைசி வாய்க்காலுக்கு வந்து சேரும் என்று காத்திருப்பதுதான் வேலை. வயலில் கூலி கிடையாது. அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக் காலத்துக் கூலியே சுருங்கிவிட்ட ஊரில், கோடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நூறு நாள் வேலையை நம்பி இருக்கிறார்கள்.

இந்த வேலையில்லாத மாதங்களில்தான் எங்கள் பகுதியில் அம்மன் கோயில்களுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஓயாது. கரகம், தேர், தீமிதி, மண்டகப்படி, இரவில் நாடகம், இப்போது இன்னிசைக் கச்சேரி. நகரத்து ஆட்கள் இதைக் கிராமியப் பண்பாடு என்று ஒளிப்படம் எடுக்க வருகிறார்கள். எனக்கு இது சாதி தன்னை ஆண்டுக்கு ஒருமுறை காட்சிக்கு வைக்கும் இடமாகத் தெரிகிறது. தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும், எந்தத் தெருவுக்கு வராது? வடத்தை யார் பிடிப்பது? முதல் விபூதி யாருக்கு? மண்டகப்படி எந்தெந்தக் குடும்பத்துக்கு? வெயிலில் நின்று பறை அடிப்பது யார்? மற்ற நாட்களில் டீக்கடையிலும் பேருந்திலும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும் சாதி அடுக்கு, அந்தப் பத்து நாளும் தெருவில் வரிசையாக நடந்து போகும்.

வேதாரண்யம் பக்கம் பழங்கள்ளிமேட்டில் 2016இல் நடந்தது நினைவிருக்கிறதா? பத்ரகாளியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி எங்களுக்கும் வேண்டும் என்று தலித் மக்கள் கேட்டார்கள். சொத்தையோ கோயில் நிர்வாகத்தையோ அவர்கள் கேட்கவில்லை, கேட்டது ஒரே ஒரு நாள். மறுக்கப்பட்டது. கடைசியில் இஸ்லாத்துக்கு மாறுகிறோம் என்று அவர்களில் பலர் அறிவிக்கும் நிலைக்கு அது போனது. ஒரு நாள் விழா நடத்தும் உரிமைக்காக மதத்தையே விட்டு வெளியேறத் துணிய வேண்டியிருக்கிறது என்றால், விழா என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது புரியும்.

ஆகவே, “கலை விழாவெல்லாம் எதற்கு, கூலியையும் நிலத்தையும் பேசுங்கள்” என்று சொல்லும் மூத்த தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கீழத்தஞ்சையில் கூலிப் போராட்டம் எப்போதுமே நிமிர்ந்து நிற்கும் போராட்டமாகவும் இருந்திருக்கிறது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக 1940களில் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைத் திரட்டியபோது, அடித்தால் திருப்பி அடி என்பதும் கோரிக்கை, மரக்கால் நெல் கூடுதலாகக் கொடு என்பதும் கோரிக்கை. இரண்டையும் அவர்கள் பிரிக்கவில்லை. நாமும் பிரிக்கத் தேவையில்லை.

நெல்லும் சங்கீதமும்

நகரத்தின் விழாக்காலம் எப்படி உருவானது என்பதையும் இங்கிருந்து பார்க்க வேண்டும். சென்னையின் மார்கழி இசை விழா ஆதிகாலத்து மரபு அல்ல. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. நூறு ஆண்டுகூட இன்னும் ஆகவில்லை. அந்தச் சபாக்களில் பாடப்படும் இசையின் மும்மூர்த்திகளும் திருவாரூரில் பிறந்தவர்கள். பாடியவர்களிலும் ஆதரித்தவர்களிலும் கேட்டவர்களிலும் பலர் காவிரிக் கரை அக்கிரகாரங்களிலிருந்து சென்னைக்குப் பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கையில் நிலம் இருந்தது. நிலத்தில் பண்ணையாள் இருந்தான். பண்ணையாளுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு தரவே 1952இல் தஞ்சைக்கென்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த உழைப்பில் விளைந்த நெல்தான் சாதகம் செய்ய நேரத்தையும், சபா கட்டப் பணத்தையும் கொடுத்தது. தியாகராஜரின் இசை அழகானது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த அழகைக் கேட்க யாருக்கு ஓய்வு இருந்தது, அந்த ஓய்வுக்கு யார் சேற்றில் நின்றார் என்பதே கேள்வி.

மேடையில் உள்ள வாத்தியத்தையே எடுத்துக்கொள்வோம். மிருதங்கம் மாடு, ஆடு, எருமைத் தோல்களால் ஆனது. அதை உருவாக்குபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்து கொடுத்த பர்லாந்தும் தஞ்சாவூர் செபாஸ்டியன் வழிவந்தவர்தான். நாதம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தோல் எவ்வளவு தடிமன், சாதம் எவ்வளவு என்று கண்டுபிடித்துத் திருத்தித் திருத்திச் செய்த கை அவர்களுடையது. இந்தக் கதையை டி.எம்.கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று புத்தகமாக எழுதினார். 2020 தொடக்கத்தில் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. மிருதங்கம் மேடையேறலாம், மிருதங்கம் செய்தவரின் பெயர் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மறுப்பின் விலை

கலை மேடையில் சாதியைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, “யாருக்கு இடம் கிடைத்தது?” என்ற கேள்வி. நான் வேறொரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். “யாரால் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது? சொன்னதற்கு என்ன விலை கொடுத்தார்?”

திருவையாறு நமக்குப் பக்கத்து ஊர். அங்கே தியாகராஜருக்குச் சமாதி எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொத்தைப் போட்டு எழுப்பினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அவர் ஒதுங்கிப் போகவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். ஆண்டுகள் கடந்து, கடைசியில் எல்லோரும் ஒரே விழாவாக இணைய வேண்டி வந்தது. அதே திருவையாற்றில் 1946இல் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதும், சந்நிதி தீட்டாகிவிட்டது என்று சர்ச்சை எழுந்தது. அதைக் கண்டித்து ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பில் குடி அரசு இதழில் எழுதிய இளைஞர் மு.கருணாநிதி. மொழிக்கே தீட்டு ஒட்டும் மேடையில், ஆளுக்கு எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாயனக்காரர் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டி, நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும் என்பதே அன்றைய வழக்கம். அவர் கோட்டுப் போட்டார், கிராப்பு வைத்தார், உட்கார மேடை கேட்டார். கொடுக்காவிட்டால் வாசிக்க மாட்டேன் என்றார். இந்தக் கதைகள் டெல்டா முழுக்க இன்றும் புழங்குகின்றன. அந்த மறுப்பு அவருக்குப் பின் வந்த நாயனக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு ஜமக்காளத்தை விரித்துக் கொடுத்தது. அது பெரிய வெற்றி. ஆனால் அதே ஊர்வலத்தில் நாலடி பின்னால் பறையோடு நடந்தவருக்கு அந்த ஜமக்காளம் வந்து சேரவில்லை. மேடை கொடு என்று அவர் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

இப்போது 2024க்கு வருவோம். மியூசிக் அகாடமி டி.எம்.கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவித்ததும், அவர் பெரியாரைப் போற்றுபவர் என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, ரஞ்சனி – காயத்ரி சகோதரிகள் அகாடமி மாநாட்டிலிருந்தும் டிசம்பர் 25 கச்சேரியிலிருந்தும் விலகினார்கள். விலகுவது அவர்கள் உரிமை. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மறுப்பின் விலை என்ன? ஒரு மேடை போனால் பத்து மேடை காத்திருக்கும். பாராட்டும் கிடைக்கும்.

டிசம்பர் 25 என்ற தேதியைக் கீழத்தஞ்சைக்காரர்களால் சாதாரணமாகக் கடந்து போக முடியாது. 1968இல் அதே தேதி இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பாலோர். அவர்களும் ஒன்றை மறுத்தவர்கள்தான். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். கேட்ட கூலியைக் குறைத்துக்கொள்ள மறுத்தார்கள். நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஒரே தேதி, இரண்டு மறுப்புகள். ஒன்றின் விலை ஒரு கச்சேரி, மற்றதன் விலை 44 உயிர். மார்கழி இசை உச்சத்தில் இருக்கும் அந்த நாளில் எங்கள் பகுதியிலிருந்து பேருந்துகள் வெண்மணி நினைவிடத்துக்குப் போகின்றன. நகரத்தின் நாட்காட்டியில் அந்த நாள் இன்னும் கச்சேரி நாளாகத்தான் இருக்கிறது.

பறையை என்ன செய்வது?

நம் இயக்கத்துக்குள் நெடுநாளாக நடக்கும் விவாதம் ஒன்று உண்டு. பறை அடிமைத்தனத்தின் அடையாளம், சாவுக்கும் கோயிலுக்கும் அடிக்கச் சொல்லி நம்மைக் கட்டிப்போட்ட கயிறு, அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பது ஒரு தரப்பு. பல ஊர்களில் பறையை உடைத்தும் எரித்தும் சாவுமேளத்துக்குப் போக மறுத்தும் நடந்த போராட்டங்கள் அந்தத் தரப்பின் வரலாறு. பறை ஆதித் தமிழரின் இசைக்கருவி, அதை மீட்டு மேடையேற்ற வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. திண்டுக்கல்லில் சக்தி கலைக் குழுவின் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தது அந்தத் தரப்பின் வரலாறு. இன்று சென்னையில் பறைப் பயிற்சிக்குப் போகாத முற்போக்கு இளைஞரைக் காண்பதே அரிது. ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் சனி, ஞாயிறுகளில் அடவு கற்கிறார். நல்லதுதான்.

இரண்டு தரப்பில் எது சரி என்று என்னைக் கேட்டால், என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்வேன். அவர் நாகூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் பறை அடித்தவர். சட்டத்தைப் பிடித்துக் குளிர் போகக் காய்ச்சும்போது விரலால் தட்டிப் பார்த்தே, இன்னும் ரெண்டு பிடி வைக்கோல் போடு என்பார். அவர் கையில் இருந்தது கலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊர்த் தெருவில் சாவு விழுந்தால், தன் வீட்டில் காய்ச்சலில் குழந்தை கிடந்தாலும் அவர் போயாக வேண்டும். பகல் முழுக்க அடித்தால் சாராயமும் சில்லறையும் கிடைக்கும். ஒருமுறை அவர் மகள் நிச்சயதார்த்தத்தன்று ஊரில் ஒரு சாவு. இன்று முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த போகத்தில் அவர் குடும்பத்துக்கு நடவு வேலை இல்லை. வாரத்துக்குப் பயிரிட்ட கொல்லையும் போனது. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அதன்பின் அவர் பறையைத் தொடவே இல்லை. பல ஆண்டு கழித்துச் சென்னையிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர், ஐயா எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க என்று கேட்டபோது, ஒரு முழு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் கட்டாயப்படுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே கருவி, அதே கைதான். ஒருநாள் அடிமை வேலை, இன்னொரு நாள் கலை. இடையில் மாறியது ஒன்றே ஒன்று. இரண்டாவது நாளில் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடிந்திருக்கும். ஆகவே பறையை எரிப்பவரும் சரி, மேடையேற்றுபவரும் சரி, இருவரும் கேட்பது ஒரே உரிமையைத்தான். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் பறை எரியட்டும். மறுக்கும் உரிமை உள்ள இடத்தில் முழங்கட்டும். நாம் சண்டை போட வேண்டியது, நகரத்து மேடையில் அது முழங்கும் அதே கோடையில், கிராமத்தில் மறுக்க முடியாமல் அதை அடித்துக்கொண்டிருப்பவரை மறந்துவிடும் பழக்கத்தோடுதான்.

கந்தூரியும் கேள்வியும்

“உங்கள் நாகூரில் என்ன குறை, அங்கே எல்லா மதத்தவரும் சேர்ந்துதானே விழா எடுக்கிறீர்கள்?” என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஷாகுல் ஹமீது ஆண்டவரின் கந்தூரி 14 நாள் நடக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு இரவெல்லாம் ஊர்ந்து நாகூர் வந்து சேர்கிறது. தர்காவின் பெரிய மனாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காவின் ஆஸ்தான வித்வானாக இருந்த எஸ்.எம்.ஏ.காதர் கர்நாடக சங்கீதத்தில் தேர்ந்தவர். இசைமுரசு நாகூர் ஈ.எம்.ஹனீபா எந்தச் சபாவின் சான்றிதழும் இல்லாமல், இயக்க மேடையிலும் கந்தூரி மேடையிலும் ஒலிபெருக்கி வழியாகவே தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச் சேர்ந்தார். 1938இலேயே ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்ட சித்தி ஜுனைதா பேகம் எங்கள் ஊர்ப் பெண். கலைக்கு எங்கள் ஊரில் பஞ்சம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கந்தூரி பிறைக் கணக்கில் வருவது. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். அறுவடைக் காசு கையில் இருக்கும் மாதத்திலும் வரும், கையில் ஒன்றும் இல்லாத மாதத்திலும் வரும். பணக்காரரின் ஓய்வுக்காலம் பார்த்து அது வருவதில்லை. சேரியிலிருந்து வரும் பெண்ணை அந்தத் தெருவில் யாரும் எந்தத் தெருக்காரி என்று கேட்பதும் இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு எல்லோரும் நிற்கிறார்கள்.

ஆனால் மத நல்லிணக்கம் என்ற சொல்லை வைத்துச் சாதியை மூடிவிடக் கூடாது. இந்துவும் முஸ்லிமும் கைகோத்து நிற்கும் படத்தில், அந்த இந்து எந்தத் தெரு இந்து என்று யாரும் கேட்பதில்லை. தர்காவில் தயக்கமின்றி நிற்கும் அதே பெண், ஊர் திரும்பியதும் தன் ஊர்த் தேர்வடத்தைத் தொட முடியாதவளாக ஆகிவிடுகிறாள். முஸ்லிம்களுக்குள்ளும் மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்ற பேச்சு பெண் கொடுக்கல் வாங்கலில் தலைகாட்டாமல் இல்லை. ஆகவே நாகூரைக் காட்டி எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாதி கேட்காமல் ஒரு தெருவில் விழா நடத்த முடியும் என்பதற்கு மட்டும் அது சாட்சி. நாகூரில் பதினான்கு நாள் முடிவது, இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு நாள்கூட ஏன் முடியவில்லை?

விழா எங்கே வர வேண்டும்?

2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது கிராமியக் கலைஞர்கள் நகரத்துப் பூங்காவுக்கு வந்தார்கள். இடையில் நின்று, 2023இல் நம்ம ஊரு திருவிழாவாக மீண்டும் தொடங்கியது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பரதமும் கர்நாடக இசையும் மீனவர் தெருவுக்கு வந்தன. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலில் மேடையேறியது. பிறகு மார்கழியில் மக்களிசை வந்தது, 2021இல் மதுரைக்கும் கோவைக்கும் போனது. ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. இவற்றில் அரசு விழாவும் இயக்க விழாவும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். அரசு விழாவில் பறை ‘நாட்டுப்புறக் கலை’, கேட்டுவிட்டுக் கைதட்டலாம். இயக்க விழாவில் அது ஒரு குற்றச்சாட்டு, கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

அந்தக் குற்றச்சாட்டு யார் காதில் விழ வேண்டும்? சென்னையில் டிக்கெட் எடுத்தோ எடுக்காமலோ வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே நம்மோடு இருப்பவர். அங்கே கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. அந்த முகமின்மை ஒரு விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் சாதி முகம் தெரிந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நம் விழா நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் வர வேண்டும். வேலையில்லாத மாதம் என்பதால் கேட்க ஆள் உண்டு. கோயில் விழாக்கள் நடக்கும் மாதம் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி உண்டு. சேரித் திடலில் மட்டும் நடத்தினால் போதாது. அது ஒதுக்கிய இடத்திலேயே விழா எடுப்பதாகிவிடும். அரசுப் பள்ளி மைதானம், பேருந்து நிலையம், கடைத்தெரு என்று எல்லோரும் நடக்கும் இடத்தில் மேடை போட வேண்டும். சட்டம் ஒழுங்கு கெடும் என்று காவல்துறை சொல்லும். தேர் ஓடப் பந்தோபஸ்து தர முடிகிறவர்களால் பறை முழங்கவும் பந்தோபஸ்து தர முடியும்.

வரும்போது சில வேலைகளைச் செய்துவிட்டு வர வேண்டும். மேடையேறும் ஒவ்வொரு கலைஞருக்கும் எவ்வளவு ஊதியம் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். சென்னைப் பாடகருக்குக் கொடுப்பதும் திருத்துறைப்பூண்டிப் பறைக் கலைஞருக்குக் கொடுப்பதும் ஒரே தாளில் இருக்கட்டும். வித்தியாசம் இருந்தால் காரணத்தைச் சொல்லட்டும். தோழமைக்காக இலவசமாக வாசியுங்கள் என்று கேட்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அது ஆண்டை கேட்டதைப் போலவேதான் ஒலிக்கிறது. காட்சிக்கு வைக்கும் கருவிகளுக்குப் பக்கத்தில் செய்தவரின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும்.

விழா நடக்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு வழக்கறிஞர்களை உட்கார வையுங்கள். கட்டாய வேலை வாங்குவதும், பிணத்தைத் தூக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவதும், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்கள். இது எங்கள் கிராமங்களில் பலருக்குத் தெரியாது. பாட்டுக் கேட்க வந்தவர் அந்தத் தகவலோடு வீடு திரும்பினால், அந்த விழா அடுத்த சாவு விழும் நாளிலும் அவருக்குத் துணையாக நிற்கும். அதேபோல, ஒரு பகுதி மக்களுக்கு வடத்தையும் மண்டகப்படியையும் மறுக்கும் திருவிழாவுக்கு அரசின் ஒலிபெருக்கி அனுமதியும் அமைச்சரின் வருகையும் எதற்கு என்று நாம் மாவட்டம் தோறும் கேட்க வேண்டும். சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்பவர்களிடம் கேட்பதற்கு இது மிகச் சிறிய கோரிக்கை.

மார்கழியில் நம் கலைஞர்கள் எந்த ஊரில் மேடை போட்டாலும் சரி, டிசம்பர் 25 அன்று ஒரு மேடையாவது வெண்மணிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தை அங்கே திரையிடுவோம். பறை அடிக்க விரும்பும் பிள்ளைகள் அடிக்கட்டும். விரும்பாதவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தாத ஓர் இரவு அந்த மண்ணுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.